முலாம்பழம் பிழையன்று

தாஷ்கந்து, 1912 ஆகஸ்ட், வியாழக்கிழமை

மதிப்புக்குரிய ஆசிரியர் சயீத்கரி அவர்களுக்கு, உங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் மீர்ஜலால் எழுதுவது. உங்கள் தேநீர் என்றும் சூடாக இருக்கட்டும்.

"முலாம்பழக் கட்டுரை தவறுதலாக அச்சாகிவிட்டது, வருந்துகிறோம்" என்று நேற்றைய இதழில் போட்டு என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டீர்கள். அந்த வரியையும் என் கையாலேயே கோக்க வைத்தீர்கள்.

தணிக்கை அதிகாரி ஸிமின் துரை சிவப்புப் பென்சிலால் செய்திகளை அடித்து அனுப்பும்போதெல்லாம், வெற்றிடம் விட்டால் பத்திரிகையை மூடிவிடுவாரே என்று நடுங்கி, "ஜலால் அண்ணா, எதையாவது போட்டு ஓட்டையை அடைங்க" என்று கெஞ்சியது யார்? நான் பள்ளிக்கூடம் போகாதவன், எழுத்துக் கோத்தே படிக்கக் கற்றவன். ஆனால் முப்பது வருஷம் முலாம்பழம் பயிரிட்டவன். புறா எச்சத்தை எப்போது உரமாக இடுவது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று அரைப் பத்தி கேட்டால் அரைப் பத்தி, இரண்டு கேட்டால் இரண்டு எழுதிக் கொடுத்தேன். தேநீர்க்கடையில் கூட்டமாகக் குனிந்து பார்க்கிறார்களே என்று பூரித்தும் போனேன். போன வாரம் கிட்டே போய்ப் பார்த்தால், கடைக்காரன் தாஷ்மத் என் கட்டுரையைக் கட்டைவிரலால் அளந்துகொண்டிருக்கிறான்.

"ரெண்டு பத்தி முலாம்பழம்! அடிபட்ட சேதி பெரிசு. ரயில்வேக்காரங்க வேலையை நிறுத்திட்டாங்க போல."

"அன்னைக்குக் கால் பத்திதானே? அது வெறும் வரி உயர்வு" என்றான் பக்கத்தில் குனிந்திருந்த ஒருவன்.

"ஏம்ப்பா, புறா எச்சம் பத்தி என்ன போட்டிருக்கு?" என்றேன்.

"அதை எவன் படிச்சான், பெரியவரே!"

இது துரையின் காதுக்குப் போனது. முலாம்பழம் மக்களைத் தூண்டிவிடுகிறது என்று தடை போட்டார். நீங்கள் பழியை என் தலையில் கட்டினீர்கள்.

ஆகவே, கட்டுரை பிழையன்று என்று நீங்கள் முதல் பக்கத்தில் போட வேண்டும். துரை என் தோட்டத்துக்கு வந்து ஒரு கீற்றாவது தின்றுவிட்டுத் தடையை நீக்க வேண்டும். தாஷ்மத் விரலை எடுத்துவிட்டு ஒரு முறையாவது படிக்க வேண்டும். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

உங்கள் பிள்ளைகள் நீடு வாழட்டும்.

மீர்ஜலால்

பி.கு.: இன்று துரை ஒன்றரைப் பத்தி அடித்துவிட்டார். இந்தக் கடிதம் சரியாக ஒன்றரைப் பத்தி வருவதால் ஓட்டையில் இதையே கோத்துவிட்டேன். துரையும் பார்த்து அனுமதித்துவிட்டார். 'முலாம்பழம்' மட்டும் கூடாதாம். அச்சில் எல்லா இடத்திலும் 'பூசணி' என்று மாற்றியிருக்கிறேன்.