மணிலாலின் ஆம்பளை லினக்ஸ்

மணிலால் தீர்மானித்துவிட்டார். லேப்டாப்பில் இனி விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான். அதுவும் பார்த்த மாத்திரத்தில் மனைவி ஷீபா அலறி ஓடுகிற லினக்ஸ்.

கேரளத்துப் பய்யன்னூரில் அந்த வீட்டுக்கு ஒரே லேப்டாப். சாயங்காலம் அதில் சதுரங்கம் ஆட உட்காருவார். ராஜாவுக்கு ஆபத்து வரும் நேரம் பார்த்து, "சீரியல் ஆரம்பிச்சாச்சு" என்று மனைவி பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள்.

"லினக்ஸா? நல்லது சேட்டா. அதுல மின்ட் வகையைப் போடுங்க. தொட்டா திறக்கும்," என்றாள் ஷீபா.

"மின்ட்னா புதினா, சம்மந்திச் சட்னி அரைக்கத்தான் ஆகும். உபுண்டு கொழந்தைங்களுக்கு. டெபியன் கிழவங்களுக்கு. நான் போடறது ஆர்ச். எடீ, அது ஆம்பளைங்க லினக்ஸ்! எல்லாக் கட்டளையையும் கையால எழுதணும்."

"கை ஒடிஞ்சா?"

"ஒடியட்டும். பின்வாங்க மாட்டேன்!"

ஞாயிறு முழுக்கப் போராடினார். வைஃபை வந்தால் சத்தம் போனது. சத்தம் வந்தால் வைஃபை கோபித்துக்கொண்டது. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் ஆறிப்போயின. கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டியது. மணிலால் மீசையை முறுக்கினார்.

ஷீபா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, எனக்கு ஒரு மண்ணும் விளங்கலையே!"

அவருக்கு உச்சி குளிர்ந்தது.

"அப்போ இனி லேப்டாப் வேலை எல்லாம் சேட்டன்தான்," என்று கனத்த காகிதக் கட்டொன்றை அவர் மடியில் இறக்கினாள். வாசகசாலையின் ஆண்டுமலர். செயலாளர் அவள்தான். "மலையாளத்துல அடிக்கணும். ஓணத்துக்குள்ள."

சாயங்காலங்கள் போயின. மணிலால் அடித்தார், அழித்தார், அடித்தார். சோபாவில் ஷீபா செல்போனில் சீரியல் பார்த்துச் சிரித்தாள். அவள் வெளியே போன ஒரு நாள், யாருக்கும் தெரியாமல் ஆர்ச்சைத் தூக்கிவிட்டு மின்ட்டைப் போட்டார்.

திரும்பி வந்தவளிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "தோத்துட்டேன்னு நினைக்காதே. உன்மேல இரக்கப்பட்டு மின்ட் போட்டிருக்கேன். இனி நீயே அடிச்சுக்கோ!"

"வேணாம் சேட்டா. ஆம்பளைங்க கை வச்சதை நான் தொடலாமா?" அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புது மின்ட்டில் எதைத் தட்டினாலும் இங்கிலீஷே விழுந்தது.

"கீழே வலது மூலையில சின்னதா கொடி இருக்கும் பாருங்க," உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதைத் தொட்டா மலையாளம்."

மணிலாலின் கை நின்றது. "உனக்கெப்படித் தெரியும்?"

"வாசகசாலைல எல்லா கம்ப்யூட்டருக்கும் மின்ட் போட்டது நான்தானே? ம், அடுத்த பக்கம் அடிங்க."