ஏழெட்டுக் கதிரை

"முனாப், அந்தக் கதிரையை எங்க கொண்டு போறீர்?"

சவர்க்காரம் பூசிய முகத்தோடு அம்பிகைபாகன் மாஸ்டர் வாசலுக்கு ஓடிவந்தார். அம்பிட்டியவில் அவருடைய வீட்டில் உட்கார இருந்த நல்ல கதிரை அது ஒன்றுதான். அதுவும் மாட்டுவண்டியில் ஏறிவிட்டது.

"நீங்கதானே மாஸ்டர் சீட்டு அனுப்பினீங்க, 7 – 8 கதிரை எண்டு. ஏழுல எட்டுப் போனா கழித்தல் ஒண்டு. அப்ப நாங்க ஒண்டு எடுக்கத்தானே வேணும்?"

கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கதிரை வாடகைக்கு விடும் மஹ்மூதின் மருமகன் முனாப். கிளாக்கர் வேலைக்கான சோதனைக்காக மாஸ்டரிடம் அட்சரகணிதம் படிக்கிறவன். வாயால் சொல்லும் எதையும் அட்சரகணிதத்தில் எழுதிவிடலாம் என்பது மாஸ்டரின் கொள்கை. "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று மனைவி இரஞ்சிதம் சொன்னால், "கொஞ்சத்தை x எண்டு வைப்பம்" என்பார். இவரை எங்கே வைப்பது என்று அவள் யோசிப்பாள்.

ஆனால் அன்று விளையாட்டில்லை. மாஸ்டரின் தங்கை லீலாதேவிக்கு இருபத்தாறு வயது. நாலு சம்பந்தம் வந்து தட்டிப்போய்விட்டது. இப்போது புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார், அன்று பின்னேரம் ஏழெட்டுப் பேர் பெண் பார்க்க வருவதாக எழுதியிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனாலும் லீலா ஒரு சொல் சொல்லமாட்டாள். அதை நினைக்கத்தான் அவருக்கு நெஞ்சு வலித்தது.

"நடுவில கிடக்கிற கோடுதான் பிழை" என்றார் மாஸ்டர்.

"சீட்டில்லாம மாமா ஒரு கதிரையும் தரமாட்டாரு."

மாஸ்டர் தன் கதிரையை இறக்கிவிட்டு, கோடில்லாமல் '7 8 கதிரை' என்று புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறகு வாழைப்பழம் வாங்கச் சந்தைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. வரிசை வரிசையாக ஐம்பத்தாறு கதிரைகள்.

"இடையில குறியில்லாட்டிப் பெருக்கல் எண்டு நீங்கதானே படிச்சுத் தந்தீங்க" என்றான் முனாப். "ஈரைந்து பத்தெண்டா, ஏழெட்டு அம்பத்தாறுதானே, மாஸ்டர்?"

மாஸ்டர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். கணக்கில் பிழையில்லை.

"உடன திருப்பிக் கொண்டுபோம்!"

"வண்டிகள் இனி ஆறு மணிக்குத்தான் வரும்."

முதலில் பக்கத்து வீட்டுக் கணபதி வந்தார். கதிரைகளைப் பார்த்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"எப்ப நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை, அண்ணை! ஒருத்தரும் சாகேல்லை!"

"பாவம், மனுசனுக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கணபதி உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததைப் பார்த்து ரோட்டால் போனவர்கள் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வந்தார்கள். தெரியாத முகங்களும் வந்தன. மாஸ்டர் ஒவ்வொருவராகக் கும்பிட்டு எழுப்பப் பார்த்தார். முடியவில்லை. தங்கையின் கலியாணம் கண்ணுக்கு முன்னால் தட்டிப்போகிறதே என்று அழுகை வந்துவிட்டது. அழுததும் இருந்த கொஞ்சச் சந்தேகமும் எல்லோருக்கும் தீர்ந்தது. நாலைந்து பெண்கள் ஒப்பாரிக்குக் குரலைச் சரிசெய்தார்கள்.

"இஞ்சருங்கோ, வந்த சனத்தைச் சும்மா இருத்தி வைக்கேலுமே?" என்றாள் இரஞ்சிதம்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த தேத்தண்ணியை லீலாதேவியே வரிசை வரிசையாகக் கொடுத்தாள். முகம் கோணவில்லை. வயதானவர்களுக்குச் சீனி கேட்டுக் கேட்டுப் போட்டாள். அதைப் பார்க்க மாஸ்டருக்கு இன்னும் அழுகை வந்தது.

மணி ஆறாயிற்று. புசல்லாவைக்காரர் வரவில்லை. வாசல்வரை வந்து, செத்தவீடு என்று திரும்பியிருப்பார்கள். மாஸ்டர் ஒரு மூலையில் குந்திவிட்டார்.

வண்டிகள் வந்தன. சனம் மெல்லக் கலைந்தது. கடைசி வரிசையில் சிலர் மட்டும் எழும்பவில்லை.

"தயவுசெய்து எழும்புங்கோ ஐயா. கதிரையள் ஏத்தவேணும்."

அங்கே இருந்த வயதான மனிதர் எழுந்து, மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நாங்கள் புசல்லாவையால மூண்டு மணிக்கே வந்திட்டம், தம்பி. தேத்தண்ணி தந்த பிள்ளையை எங்கள் எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சுப்போச்சு. செத்தது ஆரெண்டு மட்டும் சொன்னியளெண்டால், செத்தவீட்டுத் துடக்குக் கழியக் கலியாணத்துக்கு நாள் வைக்கலாம்."