மிராசோல்ல என்ன ஸ்கோர்?

"மிராசோல்ல என்னப்பா ஸ்கோர்?" என்று செல்சோ முழங்கையால் இடித்துக் கேட்டபோது, எலோயின் காதில் இருந்த ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டரி தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"சைபர் சைபர்" என்றான் எலோய்.

அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான்.

பதினான்காம் வரிசைக்கு ரேடியோ புதிதல்ல. ஊர்க் கால்பந்து அணியான லாஸ்த்ரா சொந்த மைதானத்தில் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஊர்ச் செய்திகளை அந்த வரிசைக்குச் சொன்னவள் எலோயின் மனைவி மைத்தே. ஒரு காதில் ரேடியோ, ஒரு கையில் சூரியகாந்தி விதை. எந்த ஊரில் கோல் விழுந்தாலும் எழுந்து நின்று அறிவிப்பாள். அவள் இருந்தவரை அந்த வரிசைக்கு வேறு யாரும் ரேடியோ கொண்டு வந்ததில்லை.

"கொஞ்சம் சும்மா இரேன், ஆட்டத்தைப் பார்க்க விடு" என்பான் எலோய். ஆறு வருடம் அப்படிச் சொன்னான்.

ஜனவரியில் அவள் ஒரேயடியாகச் சும்மா இருந்துவிட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். முப்பத்தோரு வயது.

அடக்கத்துக்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்துக்கே எலோய் போனான். வீட்டில் இருக்க முடியவில்லை. வாசலிலிருந்து இருக்கைக்குப் போய்ச் சேருவதற்குள் நாற்பத்தொரு பேர் அவன் தோளைப் பிடித்து, "உன் துக்கத்துல நாங்களும் இருக்கோம்" என்றார்கள். நகராட்சித் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எண்ணாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

அடுத்த ஆட்டத்துக்கு மைத்தேயின் ரேடியோவை எடுத்துக்கொண்டு போனான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நெற்றியைச் சுருக்கினால் ஒருவரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ரேடியோ கேட்பவனிடம் யாரும் ஆறுதல் சொல்வதில்லை. ஸ்கோர் கேட்பார்கள். அதை அவன் யோசிக்கவில்லை.

மேலே யார் சாம்பியன் ஆனால் என்ன? லாஸ்த்ராக்காரர்களுக்கு லீக் என்பது பதினேழாம் இடம்தான். இருபது அணிகளில் கடைசி மூன்றும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். பதினேழாம் நாற்காலி ஒன்று. அதில் உட்கார இடித்துக்கொண்டு நின்றவர்கள் இரண்டு பேர். லாஸ்த்ரா, மிராசோல்.

சைபர் சைபர் என்று சொன்னதற்கு மறுநாள் எலோய் செய்தித்தாளைப் பார்த்தான். மிராசோல் நாலு கோல் வாங்கித் தோற்றிருந்தது. முதல் கோல் ஆறாவது நிமிடத்திலேயே.

இரண்டு வாரம் கழித்து தோரிந்தா அவனைப் பிடித்துக்கொண்டாள். சந்தையில் மீன் கடை வைத்திருப்பவள், பக்கத்து இருக்கைக்குப் பக்கத்து இருக்கை. நடுவில் இருந்தது மைத்தேயின் இடம். அதில் யாரும் உட்காரவில்லை.

"மகனே, நீ சைபர்னு சொன்னே. அவனுங்க நாலு வாங்கியிருக்கானுங்க!"

"என் ஸ்டேஷன் கொஞ்சம் மெதுவா வரும்."

"எவ்வளவு மெதுவா வந்தாலும் திங்கக்கிழமைக்குள்ள வந்திருக்கணுமே" என்றார் செல்சோ. டாக்ஸி ஓட்டுபவர். யாரையும் சும்மா விடமாட்டார்.

பாட்டரியை மாற்றியிருக்கலாம். வீட்டுக்குக் கீழேயே கடை. இரண்டு பாட்டரி வாங்கி வந்தான். ரேடியோவின் முதுகு மூடியைத் திறந்தான். எலோய் எப்போதும் தலைகீழாகப் போடுகிறான் என்று, ப்ளஸ் பக்கத்தில் மைத்தே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். பழைய பாட்டரிகளின் மேலேயே.

மூடியை மூடினான். புதிய பாட்டரிகள் சுவர்க்கடிகாரத்துக்குப் போயின.

அடுத்த ஆட்டத்தில் சைபர் என்று சொல்லப் பயந்து, "ஒண்ணு ஒண்ணு" என்றான்.

"மிராசோலுக்கு யார் போட்டது?" என்றாள் தோரிந்தா.

இதை எதிர்பார்க்கவில்லை. நினைவில் இருந்த ஒரே பெயரைச் சொன்னான். "குய்ரோகா."

"அவன் கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில இல்ல கிடக்கான்?"

"வந்துட்டான்."

"கட்டோடயா?" என்றார் செல்சோ.

"இன்னொரு காலால போட்டான்."

"வீரன்தான்" என்றாள் தோரிந்தா, விதைத் தோலைத் துப்பியபடி.

இனி அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் எலோய் தயாரிக்க ஆரம்பித்தான். மிராசோலில் யாருக்குக் காயம், யாருக்குத் தடை, ஞாயிறு அங்கே மழையா வெயிலா எல்லாவற்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டான். தண்ணீரில் குளோரின் அளவைக் குத்துமதிப்பாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போட மறுக்கும் ஆள், பதினேழாம் நிமிடத்தில் ஒரு கார்னர் என்று எழுதிவைத்தான்.

தயாரிப்பு நன்றாக இருந்ததால் கேள்விகள் கூடின. பதினைந்தாம் வரிசை குனிந்து கேட்டது. பதின்மூன்றாம் வரிசை திரும்பிக் கேட்டது. மார்ச்சில் ஒருநாள், சீட்டில் எழுதியதெல்லாம் முதல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

"இப்ப என்ன நடக்குது?" என்றார் செல்சோ.

"ஆட்டம் நின்னிருக்கு."

"ஏன்?"

"நாய் புகுந்துடுச்சு."

"என்ன நாய்?"

"பழுப்பு."

"பிடிச்சுட்டாங்களா?"

"ரெஃப்ரி துரத்துறாரு."

மூன்று வரிசையும் எழுந்து அவனைச் சூழ்ந்துகொண்டது. கண்ணெதிரே லாஸ்த்ரா ஒரு பெனால்டியை வீணடித்ததை யாரும் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் அந்த நாயை ஓடவிட்டான் எலோய். வீட்டுக்கு நடக்கும்போதுதான் வெட்கம் வந்தது. அவளைச் சும்மா இரு என்று சொன்னவன், இன்று முழு ஆட்டமும் வாயை மூடவில்லை.

அடுத்த முறை வெறும் காதோடு போனான். ரேடியோ வீட்டிலேயே இருந்துவிட்டது என்றான்.

"அப்ப செய்திக்கு நாங்க எங்க போறது?" என்றாள் தோரிந்தா. அன்று வரிசையில் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. இடைவேளையில் பதினெட்டாம் வரிசையிலிருந்து யாரோ இறங்கி வந்து அவன் தோளைப் பிடித்தார். நாற்பத்திரண்டு.

அதற்கடுத்த ஆட்டத்தில் ஒயர் மறுபடியும் காதில் இருந்தது.

"அந்த நாய் என்ன ஆச்சு?" என்றார் செல்சோ, உட்கார்ந்ததும் உட்காராததுமாக.

"மிராசோல் கோல்கீப்பர் வீட்டுக்குக் கொண்டு போயிட்டாராம்."

"நாயையாவது பிடிச்சானே. பந்தைத்தான் விட்டுடுவான்."

இப்படியே மே மாதம் வந்தது. முப்பத்தெட்டாவது சுற்று, கடைசி ஆட்டம். அன்று எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும், யாரும் யாருக்காகவும் காத்திருந்து கணக்குப் போடக் கூடாது என்பதற்காக. லாஸ்த்ரா மிராசோலைவிட ஒரு புள்ளி முன்னால் இருந்தது. மிராசோல் ஜெயிக்காவிட்டால் லாஸ்த்ராவுக்கு டிரா போதும். மிராசோல் ஜெயித்தால் லாஸ்த்ராவும் ஜெயித்தாக வேண்டும்.

எலோய் அன்று சீட்டு எழுதவில்லை. கடைசிவரை சைபர் சைபர் என்றே சொல்வது, அதோடு இந்த வேலையை விடுவது என்று முடிவு செய்திருந்தான்.

எழுபத்திரண்டாம் நிமிடம். லாஸ்த்ரா ஒண்ணு ஒண்ணு. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இரண்டாவது தடவை. எலோய் தற்செயலாகத் திரும்பினான். தோரிந்தா அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கையில் இருந்த விதைப் பொட்டலத்தைக் கசக்கியபடி. அடக்கத்தின்போதுகூட அவள் அழுது அவன் பார்க்கவில்லை. அன்று சவப்பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"மகனே, அங்க என்ன?" என்றாள்.

எலோய் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு கையையும் உயர்த்தி, தொண்டை கிழியக் கத்தினான். "கோல்! மிராசோல் வாங்கிடுச்சு! கோல்!"

தோரிந்தா அவனையே பார்த்தாள். செல்சோவும் பார்த்தார். பிறகு அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். செல்சோ இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். வரிசை மொத்தமும் எழுந்து குதித்தது. அதைப் பார்த்துப் பதினைந்தாம் வரிசை, அதைப் பார்த்து மாடி, அதைப் பார்த்து எதிர்ப்பக்கம்.

மைதானத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் நூறு பேராவது இருந்தார்கள். "இல்லப்பா, மிராசோல்தான் ஒண்ணு போட்டிருக்கு" என்று யாரோ மேலே கூவினார். "ஸ்டேஷனை மாத்துய்யா!" என்று பதில் வந்தது. நாலாயிரம் பேர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது தன் காதை எவன் நம்புவான்? அவரும் ஸ்டேஷனை மாற்றிவிட்டுக் கட்டிப்பிடிக்கப் போய்விட்டார்.

எலோய்க்கு அப்போதுதான் உறைத்தது. "இருங்க, ஆஃப்சைடா இருக்கலாம்" என்றான். தலையில் விதைகள் வந்து விழுந்தன.

"கொடி தூக்கிட்டாங்கன்னு சொல்றாங்க!" என்றான் இன்னும் உரக்க.

"மூணாவது கோலுக்குத்தானே?" என்று முன்வரிசைக்காரர் திரும்பிக் கேட்டார். அதற்குள் செய்தி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தது. மிராசோல் மூன்று கோல் பின்னால், ஒரு ஆளும் வெளியே.

கீழே பயிற்சியாளர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆட்டக்காரர்களை நோக்கி உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். மெதுவா. போதும்.

எலோய் படியிறங்கி ஓடினான். "அடிங்க! கோல் அடிங்க!" என்று வேலியைப் பிடித்து உலுக்கினான். காவலர் ஒருவர் அன்போடு அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கி வந்து படியில் உட்கார வைத்தார். "தெரியும் தம்பி. எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கு."

பதினெட்டு நிமிடம் லாஸ்த்ராவின் பின்வரிசை பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டது. ஒவ்வொரு உருட்டலுக்கும் கூட்டம் "ஓலே" என்று ஆரவாரித்தது. விசில் ஊதியதும் ஜனம் புல்லில் இறங்கியது. பிறகு ஒலிபெருக்கியில் மற்ற ஊர் முடிவுகளைப் படித்தார்கள். மிராசோல் ஒன்று, எதிரணி சைபர்.

ஒரு புள்ளியில் இறங்கியது லாஸ்த்ரா. பதினோரு வருடத்துக்குப் பிறகு.

அந்தப் புரளியை யார் கிளப்பியது என்று ஊர் ஜூன் முழுதும் தேடியது. மிராசோல் ஒற்றன் அனுப்பியது என்றார் முடிதிருத்துபவர். ஆள் உயரமாம், மீசையாம். எலோய்க்கு மீசை இல்லை. இருந்தும் அதைக் கேட்ட மறுநாள் காலையில் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டான்.

மீன் சாப்பிடுவதை விட்டான். சந்தை வழியை விட்டுத் துறைமுகத்தைச் சுற்றி வேலைக்குப் போனான். செல்சோவின் டாக்ஸியைக் கண்டால் கடைக்குள் நுழைந்தான். ஒருமுறை அப்படி நுழைந்த இடத்தில் பெண்களுக்கான உள்ளாடைகள் தொங்கின. பேசாமல் வெளியே வந்தான். வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க அவனுக்கு ஆள் இல்லை.

மைத்தே அந்த இருக்கையில் இருந்திருந்தால் உண்மையான ஸ்கோரைச் சொல்லியிருப்பாள். அந்தப் பதினெட்டு நிமிடமும் லாஸ்த்ரா முட்டி மோதியிருக்கும். இதைத்தான் ஒவ்வொரு நாளும் நினைத்தான்.

ஆகஸ்டில் அடுத்த பருவத்துக்கு இருக்கையைப் புதுப்பிக்கக் கடைசி நாள் வந்தது. இரண்டாம் பிரிவானாலும் பதினான்காம் வரிசை பதினான்காம் வரிசைதான். ஆனால் அந்தப் பொய்யோடு அவர்கள் நடுவில் போய் உட்கார முடியாது. சொல்லிவிட்டு, அவர்கள் போ என்றால் போய்விடலாம்.

காலையிலேயே சந்தைக்குப் போனான். தோரிந்தா ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எதிரே செல்சோ காபிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

"வாப்பா! கடல்ல விழுந்துட்டியோன்னு நினைச்சோம்" என்றார் செல்சோ.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு மகனே."

"ரேடியோவுல பாட்டரி இல்ல. ஆரம்பத்துலேருந்தே இல்ல. நான் சொன்ன எல்லா ஸ்கோரும் பொய். குய்ரோகா பொய், நாய் பொய். கடைசி நாள் கோலும் பொய். நம்ம டீமை இறக்கினது நான்தான்."

தோரிந்தாவின் கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை. மீனின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றான் எலோய்.

செல்சோ காபிக் கோப்பையை மேடையில் வைத்தார்.

"என் பையிலயும் ஒரு ரேடியோ இருந்துச்சுடா, மிராசோல் கோல் போட்டது வரிசை மொத்தத்துக்கும் தெரியும், ஆனா ஜனவரிக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நீ வாய்விட்டுக் கத்தினே, அப்ப நாங்க எப்படிடா சும்மா உட்கார்ந்திருக்கிறது?"