கம்பார் போரும் வெற்றிலைத் தட்டும்

இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் மலாயாவை ஜப்பான்காரனிடம் விட்டிருக்க வேண்டியதே இல்லை. இதை இன்றும் நிரூபிக்க நான் தயார். ஆனால் வீட்டில் அனுமதி இல்லை. ஒருமுறை நிரூபிக்கப் போய் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

அப்போது எனக்கு முப்பது வயது. புக்கிட் ரோத்தானில் வீடு, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலை. மீதி நேரமெல்லாம் கைப்பேசியில் போர்க் காணொளிகள். (துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்தவன் இல்லை. கோழி அறுத்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.) அதற்குள் இரண்டு பெண் வீட்டார் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வீட்டிலும் நான் ஸ்டாலின்கிராட் பற்றிப் பேசியிருந்தேன்.

மூன்றாவதாக அமைந்தவள் சுங்கை ஆயர் தாவார் ஷாலினி. நெல் ஆலை அலுவலகத்தில் வேலை. ஜப்பான்காரனை வெள்ளைக்காரன் தடுத்து நின்ற கம்பார் சண்டையை நான் ஒரு மணி நேரம் விளக்கியும் போனை வைக்காமல் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். அவளை விட்டால் எனக்கு வேறு கதியில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நிச்சயத்தன்று காரிலேயே அக்கா எச்சரித்தாள்.

"தம்பி, இன்னைக்கு சண்டை, டாங்கி, குண்டு ஒண்ணும் வாயில வரக்கூடாது. தட்டு மாத்துற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு."

தட்டு மாற்றும் வரை மூடிக்கொண்டுதான் இருந்தேன். (அவள் சொன்னது அவ்வளவுதானே?) ஏழு தட்டுகளை ஹாலில் கம்பளத்தின் மேல் வைத்தோம். ஷாலினியின் அப்பா வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். வெற்றிலை கைமாறினால் வாக்கு கொடுத்தாயிற்று என்று பொருள். நாங்கள் கொண்டுபோன சேலையை உடுத்திவர ஷாலினி உள்ளே போனாள். எங்களுக்குத் தேநீர் வந்தது.

எதிரே அவளுடைய தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"நாளைக்கு பாகான் நக்கோடா ஓமார் பக்கம் மீன் பிடிக்கப் போறேன். அந்தக் கடல் வழியாத்தான் ஜப்பான்காரன் படகுல வந்தான். வெள்ளைக்காரன் என்ன செஞ்சிருந்தாலும் தோத்துதான் இருப்பான் லா" என்றார்.

என்ன செய்திருந்தாலுமா? அக்கா என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு உறைக்கவில்லை.

"இல்லீங்க மாமா. கம்பார்ல வெள்ளைக்காரன் நல்லாத்தான் நின்னு அடிச்சான். படகுல வந்தவன் பின்னால நொழஞ்சிருவான்னு பயந்து பின்வாங்குனான். பெர்ணம் ஆத்து வாயில நாலு பீரங்கி வச்சிருந்தா போதும்."

"எப்படின்னு காட்டுங்க, பாப்போம்."

காட்டச் சொல்லி என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கம்பளத்தின் ஓரம் மேற்குக் கரை ஆனது. வாழைப்பழங்கள் ஜப்பான் படகுகள். வைக்காமல் விட்ட பீரங்கிகளுக்கு நான்கு லட்டு. என் முட்டி சிங்கப்பூர். கம்பாரில் நின்ற படைக்கு, கைக்கு எட்டிய வெற்றிலைத் தட்டு.

"இங்க நிக்க வேண்டிய படைய இப்படி இழுத்துட்டான் மாமா" என்று சொல்லி, அவர்கள் பக்கமிருந்த தட்டைச் சர்ரென்று இழுத்து என் முட்டியோடு சேர்த்தேன்.

எல்லோர் கண்ணும் என் முட்டி மேல். என் விளக்கத்தில் மயங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகே விளங்கியது. கொடுத்த வெற்றிலையைத் திரும்ப எடுத்தால் பெண் வேண்டாம் என்று அர்த்தம்.

ஷாலினியின் அப்பா எழுந்துவிட்டார். "என்னங்க இது? எங்க பொண்ணுகிட்ட என்ன கொறையக் கண்டீங்க?"

"இல்லீங்க, இது சிங்கப்பூர்" என்று முட்டியைக் காட்டினேன். (என் வாழ்நாளிலேயே மோசமான பதில் இதுதான்.)

"எடுத்த தட்ட அப்படியே திருப்பி வைக்க முடியாதுங்க. போயிட்டு, யோசிச்சு, வேற நாள் வாங்க" என்றார் அவர். வேறு நாள் என்று சொன்ன வீடுகள் எனக்கு ஏற்கெனவே இரண்டு உண்டு. அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு ஷாலினி வெளியே வந்தாள், சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி. கம்பளத்தைப் பார்த்தாள். வாழைப்பழங்களைப் பார்த்தாள்.

"மாமா, கம்பார் கதை சொன்னாரா?"

மாமா தலையாட்டினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பின்வாங்குனதுதான் தப்புன்னு போன்ல ஒரு மணி நேரம் சொன்னீங்க. அப்புறம் நீங்க எதுக்குப் பின்வாங்குனீங்க?"

அவளே குனிந்து, தட்டை எடுத்து, தன் அப்பாவிடம் நீட்டினாள். "வாங்கிக்குங்கப்பா. இது திருப்பி வைக்கறது இல்ல, நான்தானே குடுக்கறேன்."

மாமாதான் முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "சிங்கப்பூரத் தள்ளி உக்காரச் சொல்லு" என்பார்கள். போன மாதம் அக்கா மகளின் நிச்சயத்தில் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஷாலினியின் தாய்மாமன் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நானும் யோசிச்சுப் பாத்தேன். கம்பாருக்கு அப்புறம் சிலிம் ரிவர்ல வெள்ளைக்காரன் பாலத்த முன்னாடியே ஒடச்சிருந்தா..."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து ஷாலினியின் குரல் வந்தது.

"அக்கா, தட்டெல்லாம் தூக்கி அலமாரி மேல வைங்க."