இன்னொரு தடவை கேட்கட்டும்

தன் ஒரே மகளுக்கு மாரப்பன் வைத்திருந்த விலை மிகக் குறைவு. சம்பந்தியாக வரப்போகிறவர் இன்னொரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விலையும் கட்டுப்படியாகாமல், கல்பாத்தி வெங்கடேஸ்வரன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஊற்றி வைத்த காப்பி இன்னும் ஆறவில்லை. மாரப்பனின் மனைவி காளியாத்தாள் முறுக்குத் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்து, காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவிங்க எங்கீங்க?"

"வருவாரு. கொஞ்சம் நடக்க உட்டுப் புடிக்கோணும்."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்கவில்லை.

மாரப்பனுக்குப் பொள்ளாச்சி-பாலக்காடு சாலையில் கோபாலபுரத்துப் பக்கம் தென்னந்தோப்பு உண்டு. ஆனால் பேர் வாங்கித் தந்தது மாட்டுத் தரகு. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியே தலை நரைத்தவர். அங்கே ஒரு மரியாதை உண்டு. முதல் கேள்விக்கே தலையாட்டினால் மாட்டுக்குச் சுழி சரியில்லை என்று அர்த்தம். விற்கிறவன் முடியாது என்பான். வாங்குகிறவன் திரும்பக் கேட்பான். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பம்.

அதனால்தான், வெங்கடேஸ்வரன் கைகூப்பி, "உங்க பொண்ணை எங்காத்துக்குத் தரணும்" என்று கேட்டதும், மாரப்பன் மனசு முழுக்கச் சம்மதத்தை வைத்துக்கொண்டு, "குடுக்கறாப்புல இல்லீங்க" என்றார். வந்தவர் "அப்படியா, சரி" என்று எழுந்துகொண்டார்.

இத்தனைக்கும் சாதியைச் சொல்லி அழ வேண்டியதை எல்லாம் இரண்டு வீட்டிலும் அழுது தீர்த்தாகிவிட்டது. மகள் தமிழ்ப்ரியாவும் வெங்கடேஸ்வரனின் மகன் அனந்தும் ஒரே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். இரண்டு அப்பாக்களும் வாய்விட்டுச் சரி சொல்லாமல் தாலி இல்லை என்று அவர்களே முடிவு செய்து, பெரியவர்களின் வாயை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த ஒரே தப்பு.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த தமிழ்ப்ரியா நடந்ததைக் கேட்டாள். சண்டை போடவில்லை. தகவல் தொடர்பு அவளுடைய பாடம். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் இரண்டு தலைகள் வரைந்தாள். நடுவே ஓர் அம்பு போயிற்று, ஓர் அம்பு திரும்பி வந்தது. ஒருத்தர் தன் மனசில் இருப்பதைச் சொல்லில் பொட்டலம் கட்டி அனுப்புகிறார். கேட்கிறவர் அந்தச் சொல்லைத் தன் மனசில் பிரித்துப் பார்க்கிறார். கட்டுகிற வழக்கமும் பிரிக்கிற வழக்கமும் ஒன்றாக இருந்தால்தான் உள்ளே போட்ட சரக்கு உடையாமல் போய்ச் சேரும் என்று விளக்கினாள்.

"நீங்க அனுப்புனது 'சரி'. அவருக்குப் போய்ச் சேந்தது 'போ'. அவரென்ன சந்தையில பழகுனவருங்களா? நானென்ன மாடுங்களாப்பா?"

"மாட்டுக்கே அந்த மரியாதை இருக்குதே கண்ணு, உனக்கு வேண்டாமா?"

தமிழ்ப்ரியா ஒரு போன் போட்டுச் சரி என்று சொல்லிவிடச் சொன்னாள். மாரப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விற்கிறவன் வலியப் போய்க் கூப்பிட்டால் பொண்ணுக்கு என்ன குறை என்றல்லவா கேட்பார்கள்? கடைசியில் அவளே அனந்திடம் விஷயத்தைச் சொன்னாள். அனந்த் தன் அப்பாவிடம் சொன்னான். அப்பா சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாராம்.

சிரிப்பா? ஆபீசர் உத்தியோகம் பார்த்த திமிர் என்று மாரப்பன் முடிவு கட்டினார்.

பேரம் முறிந்தால் மாட்டை வாங்குகிறவன் கண்ணில் படும்படி ஒரு நடை நடத்திக் காட்டுவது வழக்கம். மகளை நடத்த முடியாது, தானே நடந்தார். கரை வேட்டி கட்டிக்கொண்டு பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருவில் மேலும் கீழுமாகப் போய் வந்தார். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரன் அவரை நன்றாகப் பார்த்தார். பேப்பரை மடித்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பொண்ணு வீட்டுக்காரர் ஆள் வைத்து அடிக்க நோட்டம் பார்ப்பதாகத் தெரு பேசிக்கொண்டது. உங்கப்பா எங்கள் தெருவில் ஏன் ரோந்து வருகிறார் என்று அனந்த் தமிழ்ப்ரியாவுக்குச் செய்தி அனுப்பினான்.

அடுத்து, சந்தைக் கூட்டாளி நல்லதம்பியைத் தூது அனுப்பினார். பொள்ளாச்சியில் மில் வைத்திருக்கும் பார்ட்டி ஒன்று பொண்ணைக் கேட்டு நிற்பதாக நல்லதம்பி போகிறபோக்கில் சொல்லிவிட்டு வர வேண்டும். அப்படி ஒரு பார்ட்டி கிடையாது. எந்தச் சந்தையிலும் கிடையாது. ஆனால் அந்தப் பார்ட்டிக்குப் பயந்து கைக்காசை எடுக்காதவனும் எந்தச் சந்தையிலும் கிடையாது.

வெங்கடேஸ்வரன், நல்ல இடம், ரொம்பச் சந்தோஷம் என்றார். மறுநாள் வாழ்த்துச் சொல்லி ஒரு பெட்டி இனிப்பும் வந்து சேர்ந்தது.

பெட்டியை வாங்கியது தமிழ்ப்ரியா.

"ஆருக்குங்கப்பா நிச்சயம்?"

அவள் பெட்டியை மூடி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். மூணாறு தாண்டிச் சூரியநெல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருப்பதை அம்மாவிடம் சொன்னாள். அவருக்கு அது சுவர் வழியாகத்தான் கேட்டது. திரும்பி வருவதைப் பற்றிச் சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் தட்டு வைக்கிற சத்தமும் கழுவுகிற சத்தமும்தான் மிஞ்சின. நல்லதம்பி வேறு வந்து, அனந்துக்குத் திருப்பூணித்துறையில் பொண்ணு பார்த்தாயிற்றாம் என்றான். மாரப்பன் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். அங்கே இருந்த எருமைகூட அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவருக்குத் தோன்றியது.

"ஊர் மாட்டையெல்லாம் பேசி முடிச்சீங்க," என்றாள் காளியாத்தாள், சாணிக் கூடையோடு. "பெத்த புள்ளைக்கு ஒரு சரி சொல்ல நாக்கு எந்திரிக்கலீங்களே உங்குளுக்கு."

தமிழ்ப்ரியா பாலக்காட்டில் மூணாறு பஸ் ஏற வேண்டிய அன்று, அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே மாரப்பன் வீட்டைவிட்டு இறங்கினார். மானம், மரியாதை, சந்தை வழக்கம் எல்லாவற்றையும் கொட்டகையிலேயே கட்டிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். கல்பாத்தி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்: சரிங்க. சரிங்க. பக்கத்து சீட்டுக்காரர் தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்.

கதவைத் திறந்தவள் வெங்கடேஸ்வரனின் மனைவி வாலாம்பாள்.

மாரப்பன் வாயைத் திறந்தார். உதடு 'ச' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாற்பது வருஷத்துப் பழக்கம் குறுக்கே விழுந்தது.

"சும்மா... இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தனுங்க," என்றார். சொன்ன வாயை அங்கேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. திரும்பிப் படியிறங்கப் போனார்.

வாலாம்பாள் உள்ளே ஒரு தடவை பார்த்தாள். இவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"அவர் கதவுக்குப் பின்னாலதான் நிக்கறார், ஆனா கூப்பிட மாட்டார், சம்பந்தியோட வழக்கம் தெரிஞ்சுண்டுதான் பேசணும்னு, பொண்ணு கேக்க வரதுக்கு முன்னாடியே சந்தையில போய் நின்னு, வாங்கறவன் எழுந்து நடந்தா விக்கறவன் கூப்பிடுவான்னு கத்துண்டு வந்தவராச்சே. அன்னிக்கு உங்க தெருமுனையிலே காரை நிறுத்திண்டு இருட்டற வரைக்கும் காத்துண்டிருந்தார், கதவு சாத்தினது, இனிப்பு அனுப்பினது, திருப்பூணித்துறைப் பொண்ணு எல்லாம் அந்தப் பாடம்தான். ஆகக்கூடி உங்க பக்கம் ஒரு 'சரி' பாக்கி, எங்க பக்கம் இன்னொரு 'தாங்கோ' பாக்கி, மூணாறு பஸ் புறப்படக் கால் மணி பாக்கி."