ஜாமீனுக்கு ஒரு மச்சான்

என் மனைவிக்கு அண்ணனும், எனக்கு ஒரே மச்சானும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை வழங்கி எங்களை வாழ்விப்பவருமான உங்களுக்கு, கடல் தாண்டி வந்து மாட்டிக்கொண்ட உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டிலும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உங்கள் ரத்தக்கொதிப்பு இந்தக் கடிதம் முடியும் வரையாவது அடங்கி இருக்கவும் வேண்டுகிறேன்.

"போன்ல கேட்டா மழுப்புவீங்க மாப்ள, எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். சொந்த மாப்பிள்ளையிடமே எழுத்தில் கேட்கிற நீங்கள் இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியவர். நீங்கள் கேட்ட கேள்வி இரண்டு. வண்டி வாங்கியாச்சா? இல்லையென்றால் என் தங்கையை எப்போது அனுப்புகிறீர்கள்? முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்குப் பதில், வருகிற முப்பதாம் தேதி. ஆனால் இதில் என் தவறு எவ்வளவு, ஊரின் தவறு எவ்வளவு, உங்களுடைய தவறு எவ்வளவு என்று விளக்காமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் குடியிருப்பு ஊருக்கு வெளியே, மாத்திரைத் தொழிற்சாலையிலிருந்தும் தள்ளி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். காலைப் பஸ்ஸில் நான் போய் நாளெல்லாம் மாத்திரைகளை உடைத்துப் பார்த்துவிட்டு மாலைப் பஸ்ஸில் திரும்புகிறேன். இடையில் உங்கள் தங்கைக்கு ஐந்தாவது மாடியும் ஒரு ஜன்னலும்தான். வந்த புதிதில் ஜன்னலில் தெரிகிற லாரிகளை எண்ணினாள். பிறகு துணி துவைக்கிற மெஷினோடு பேச ஆரம்பித்தாள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் கதவைத் திறந்ததும், "இன்னிக்கு நான் பேசற முதல் வார்த்தை இதுதாங்க. காலையிலேர்ந்து யார்கிட்டயும் பேசல" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். "ரெண்டு மாசம் பாக்கறேன். வெளிய போக ஒரு வழி பண்ணுங்க. முடியலன்னா என்னை அண்ணன்கிட்ட அனுப்பிடுங்க" என்றாள். அவள் போய்விட்டால் அந்த வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன் என்று தெரியவில்லை மச்சான். அதனால்தான் கார் வாங்கக் கிளம்பினேன்.

இங்கே பழைய கார் வாங்குவதென்றால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குத்தான் போக வேண்டும். மூடிக் கிடக்கும் கிடங்குகளுக்குப் பின்னால் முந்நூறு கார்கள் நிற்கும். அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை. மணி கேட்டால் கூட, சொல்பவன் சொன்ன பிறகு பக்கத்தில் இருப்பவனிடமும் ஒரு முறை கேட்டுக்கொள்கிறார்கள். விற்க வருகிற ஒவ்வொரு காரும் ஒரு டாக்டர் ஓட்டிய கார். அதுவும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டியது. இந்த ஊரில் நோயாளிகளை விட டாக்டர்கள் அதிகம் போலிருக்கிறது, அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கார் ஓட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதி அனுப்பிய பதினான்கு யோசனைகளையும் லாமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது யோசனைப்படி, அடிபட்டுப் பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாதாம். அதைக் கண்டுபிடிக்கக் காந்தம் வேண்டுமே, வீட்டில் இருந்தது ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தக்காளிக் காந்தம்தான். அதை எடுத்துப் போய் ஒரு நீலக் காரின் கதவில் வைத்தேன், விழுந்தது. இன்னொரு கதவில் வைத்தேன், விழுந்தது. விற்கிறவர் குனிந்து எடுத்து, துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். "ஐயா, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க. இந்தக் காந்தம் டூப்ளிகேட்" என்றார். முகத்தில் அப்படி ஓர் அனுதாபம். எனக்கே ஒரு நிமிடம் காந்தம் விற்ற கடைக்காரன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இதை எனக்கு மொழிபெயர்த்தவர் எங்கள் தொழிற்சாலைக்காரர், நம் பக்கத்து ஆள். எதைச் சொன்னாலும் "நான் இங்க பன்னெண்டு வருஷமா இருக்கேன்" என்று ஆரம்பிப்பதால் அவருக்குப் பன்னெண்டு வருஷம் என்றே பெயர். விற்கிறவர் கையை ஆட்டி, நெஞ்சில் அடித்து, வானத்தைக் காட்டி ஐந்து நிமிடம் பேசுவார். பன்னெண்டு வருஷம் என் பக்கம் திரும்பி, "நல்ல வண்டியாம்" என்பார். ஐந்தாவது யோசனைப்படி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போனேன். ஆறாவது யோசனைப்படி, அந்த மெக்கானிக் விற்கிறவனோடு சேர்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு மெக்கானிக்கையும் கூட்டிப்போனேன். அரை மணியில் மூவரும் பானெட்டுக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். "நல்ல வண்டியாம்" என்றார் பன்னெண்டு வருஷம்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொண்டேன். நீங்கள் எழுத மறந்த ஒரு விஷயத்தில்தான் மாட்டினேன். இங்கே காரை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், அப்படியே கம்பி நீட்டிவிடாமல் திரும்பி வருவோம் என்பதற்கு ஜாமீன் வைத்துவிட்டுப் போக வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன், வேண்டாம் என்றார்கள். பாஸ்போர்ட்டை நீட்டினேன். "இதை யார் வேணா அச்சடிக்கலாம்" என்றார்கள். ஆள்தான் வேண்டுமாம். அப்புறம்தான் கவனித்தேன், ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலி, அதில் உம்மென்று ஓர் ஆண்பிள்ளை. விசாரித்ததில் எல்லோரும் மச்சான்கள்! வண்டி வாங்க வருகிறவன் கூடவே ஒரு மச்சானைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கப் போகிறான். உங்களை எத்தனையோ வருடங்களாக அறிவேன். உங்களால் எனக்கு உருப்படியாக ஓர் உபயோகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அன்றைக்குப் பார்த்து நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம்.

நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, "நான் உக்காந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று கூட வந்திருந்த உங்கள் தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மனசே கேட்கவில்லை. கட்டின மனைவியை ஜாமீன் வைத்து ஓட்டிய அந்த முதல் காரில் எனக்கு எஞ்சின் சத்தம் கூடக் காதில் விழவில்லை. பதறிக்கொண்டு திரும்பினால், அவள் விற்கிறவரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கையைக் காட்டி, இந்த ஊர் பாஷையில் தெரிந்த ஆறு வார்த்தை பேசி, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வரை கேட்டுவிட்டாள். ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினெட்டு முறை அவளை ஜாமீன் வைத்தேன் மச்சான், நீங்கள் எங்கே அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒரு நாள் பச்சைக் காரை ஓட்டிவிட்டு வந்தேன். "இது வேணாங்க, போன மழையில மூணு நாள் தண்ணியில கெடந்ததாம்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"விக்கிறவர்தான்."

"என்கிட்ட டாக்டர் வண்டின்னு சொன்னாரே!"

"உங்ககிட்ட விக்கணும், அதனால அப்படிச் சொன்னாரு. என்கிட்ட என்ன விக்கப் போறாரு?"

இப்படி வாய்வழியாக வருகிற தகவலை எல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. தரச்சோதனையில் இருக்கிறவன் அப்படி நம்பக் கூடாது. பத்தாவது யோசனைப்படி அந்தப் பச்சைக் காரின் டயரைப் பார்த்து நானே நிராகரித்தேன்.

நாள் நெருங்க நெருங்க எனக்கு நிதானம் போய்விட்டது. ஐந்தாவது ஞாயிறு ஒரு வெள்ளைக் காரைப் பார்த்ததும், பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே சரி என்றேன். விற்கிறவர் முகத்தில் ஈயாடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார், காரைப் பார்த்தார், சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "கேட்டதை அப்படியே தர்றான்னா, எனக்குத் தெரியாதது என்னமோ இந்த வண்டிக்குள்ள இருக்கு" என்று சொல்லி விற்க மறுத்துவிட்டார். அடுத்த வாரம் போனபோது சீட்டையெல்லாம் கழற்றி வெளியே போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு தையல்காரம்மா சாம்பல் நிறக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு வாராவாரம் வருகிறார். கண் பார்வை மங்குகிறதாம், அதனால் விற்கிறாராம். முதல் வாரமே அவரிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே, இரண்டாவது கியர் முரண்டு பண்ணும், இடது கண்ணாடி வழியாக மழை உள்ளே வரும், ஹாரன் தானாக அடிக்கும் என்று ஏழு குறைகளை விரல் விட்டுச் சொன்னார். எனக்கு உங்கள் ஏழாவது யோசனை கண் முன்னால் வந்தது. தானாகக் குறையைச் சொல்கிறவர் அதை விடப் பெரிய குறையை மறைக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஆனால் உங்கள் தங்கைக்கு வெளுத்ததெல்லாம் பால். ஜாமீன் வேலை இல்லாத நேரத்தில் அந்த அம்மாவின் நாற்காலியில்தான் போய் உட்காருவாள். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. வாங்க வருகிறவர்களை, இவன் ஓட்டுகிற லட்சணம் சரியில்லை, அவன் கதவைச் சாத்துகிற விதம் சரியில்லை என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

போன ஞாயிறுதான் கடைசி ஞாயிறு. பன்னெண்டு வருஷமும் என்னைக் கைகழுவிவிட்டார். எந்தக் காரைப் பார்த்தாலும் எனக்கு ஒரு குறை தெரிந்தது. மத்தியானம் உங்கள் தங்கை என்னைத் தையல்காரம்மாவின் நாற்காலியில் உட்காரச் சொல்லி, "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று போனாள். பழகியவர்களிடம் விடைபெறப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா டீ கொடுத்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. எழுந்து தேடலாம் என்றால், தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்துவிட்டார். அந்த வழியாகப் போன ஒருவர், நான் யாருடைய மச்சான் என்று கேட்டுவிட்டுப் போனார். சாம்பல் காரைக் கூடக் காணோம், எந்த அப்பாவி ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனானோ என்று அந்த நிலையிலும் பரிதாபப்பட்டேன். உங்கள் தங்கை முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்து, பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன்.

இந்தத் துக்கத்தில் இன்னொன்று. குடியிருப்பில் நமக்கென்று ஒதுக்கியிருக்கிற இடத்தில், கார் இல்லாத நமக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை அது, திங்கட்கிழமையிலிருந்து எவனோ ஒரு காரைக் கொண்டுவந்து உறை போட்டு மூடி நிறுத்தியிருக்கிறான். காவலாளியிடம் சத்தம் போட்டேன். அவர் சிரிக்கிறார். "உடனே அகற்றவும்" என்று எழுதி உறை மேல் ஒட்டிவிட்டு வந்தேன், இன்னும் அசையவில்லை. ஆள் பார்த்து ஏறி மிதிக்கிறார்கள்.

ஆக, முப்பதாம் தேதி விமான நிலையத்துக்கு வந்து உங்கள் தங்கையை அழைத்துப் போங்கள். டிக்கெட் இன்று மாலை எடுத்துவிடுகிறேன். வண்டிக்கென்று வைத்த பணம், சூட்கேஸ் உள்துணிக்கு அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். நான் முயன்றேன் என்று மட்டும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உங்களுக்கு இரண்டுமே.

இப்படிக்கு,
எல்லாச் சோதனையிலும் தோற்ற,
தரச்சோதனை மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது நான். காவலாளிகிட்ட தபாலுக்குக் குடுத்துடுன்னு சொல்லிட்டு அவர் வேலைக்குப் போயிட்டாரு. படிச்சுட்டேன். டிக்கெட்டும் வேணாம், விமான நிலையத்துக்கும் வர வேணாம். கீழ நிக்கிறது நம்ம வண்டி. அந்தச் சாம்பல் வண்டிதான். அவர் ஒட்டின நோட்டீஸை நான்தான் கிழிக்காம எடுத்து வெச்சிருக்கேன். திங்கக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் தையல்காரம்மா வண்டியைக் கொண்டுவந்து விட்டுட்டுப் பணத்தை வாங்கிக்கிட்டாங்க. சூட்கேஸ்ல இப்ப ரசீது இருக்கு, அதுவும் பத்திரமாத்தான் இருக்கு.

ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாக்கப் போனது நான். அப்பாவுக்குத் தெரியாம நீ கத்துக் குடுத்தது வீணாப் போகல. போன மாசமே தையல்காரம்மா இந்த வண்டியிலதான் வந்து என்னைக் கூட்டிட்டுப் போய் லைசென்ஸ் மாத்தி வாங்கிக் குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாவியைக் குடுக்கறப்ப "ஜாமீனுக்கு யாரு?"ன்னு கேட்டாங்க. இவரைக் காட்டினேன். "திரும்பி வருவியா?"ன்னு சிரிச்சாங்க. "இவரை விட்டுட்டு நான் எங்க போவேன்"னு சொன்னேன். அந்த மைதானத்துலயே அன்னிக்கு ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் அப்படியே நம்பினது அது ஒண்ணுதான்.

முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேக்காதே. சொல்லியிருந்தா மூணாவதா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்திருப்பாரு. அப்புறம், வண்டியை வாங்கி அவர் வேலைக்கு ஓட்டிட்டுப் போயிட்டா நான் எதுல வெளிய போறது? அதை உன் பதினாலு யோசனையில நீயும் எழுதல, அவரும் கேக்கல. காலையில நான் அவரை விட்டுட்டு வருவேன், சாயங்காலம் போய்க் கூட்டிட்டு வருவேன். நடுவுல வண்டி எனக்கு. நாளையிலிருந்து தையல்காரம்மாவுக்குக் கடைக்குத் துணி கொண்டுபோகவும் நான்தான் ஓட்டப் போறேன்.

ரெண்டாவது கியர் முரண்டுதான் பண்ணுது. அவங்க சொன்ன ஏழும் சரியா இருக்கு, எட்டாவதா ஒண்ணும் இல்ல. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபேக்டரி வாசல்ல போய் ஹாரன் அடிப்பேன், இல்லன்னா அதுவே அடிக்கும். கதவுல காந்தத்தை வெச்சுப் பாக்காம ஏற மாட்டாரு. அதனால தக்காளியை ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன்.