சேவியருக்கு வைத்த பொறி

பயந்தவன் சதுரங்கம் ஆடலாம். ஏலச்சீட்டுக்குப் போகக் கூடாது. நாற்பத்தாறு வயதில், இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டில் இதைக் கற்றுக்கொண்டேன்.

உதியன்குளங்கரையில் தங்கப்பன் அண்ணன் நடத்தும் சீட்டு. மாதம் ஒரு ஏலம். யார் மிகக் குறைந்த தொகைக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்குச் சீட்டு. அவர் விட்டுக்கொடுக்கும் மிச்சத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம். மகளின் நர்சிங் கட்டணத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் வேண்டும். அடுத்த மாதம் சீட்டு எடுப்பதென்று வீட்டில் தீர்மானம்.

"இந்த மாசம் போயி சும்மா இருந்துட்டு வாருங்க, கேட்டியளா," என்றாள் மனைவி லதா. "வாயத் தொறக்காண்டாம்."

நான் சும்மா இருக்கிற ஆளா? மொபைலில் தினமும் சதுரங்கம் ஆடி (பெரும்பாலும் தோற்று) மூன்று நகர்த்தல் முன்னால் யோசிக்கப் பழகியிருந்தேன். பொழியூர் சேவியருக்குப் படகு எஞ்சின் வாங்க அவசரமாகப் பணம் வேண்டும். எனக்கும் வேண்டும் என்பதுபோல் போட்டிக்கு நின்று அவரைக் கீழே இறக்கினால், எனக்குப் பங்கு கூடும். அடுத்த மாதம் அவர் போட்டிக்கும் வரமாட்டார். எதிராளிக்கு வேறு வழி இல்லை என்று டைரியில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

"ஒண்ணு எண்பது," என்று தொடங்கினார் சேவியர். மாறி மாறி இறங்கினோம். ஒரு லட்சத்து அறுபதில் என் உள்ளங்கை வேர்த்தது. அவர் ஐம்பத்தைந்துக்கு வந்தார். எழுதியபடியே நடக்கிறது. இன்னும் ஒரே ஓர் அடி.

"ஐம்பது," என்றேன். ஆட்டுக்குட்டியின் குரல் வந்தது.

சேவியர் என்னையே பார்த்தார்.

"ஒரு தரம்," என்றார் தங்கப்பன் அண்ணன்.

சட்டை முதுகோடு ஒட்டியது. பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன்; அது கிறீச்சிட்டது.

"ரெண்டு தரம். சேவியரே, கேக்கேலியா?"

"வேண்டாம் தங்கப்பண்ணே. இந்த அண்ணனுக்க முகத்தப் பாத்தியளா? ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ஏதோ பெரிய தீனமாக்கும். எனக்க எஞ்சின் கெடக்கட்டு, உயிர விட அது பெரிசா?"

"மூணு தரம்."

சதுரங்கத்தில் எதிராளி இரக்கப்படுவதில்லை. அதனால் அப்படி ஒரு நகர்த்தலை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு நோயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அவரை வேண்டுமென்றே இறக்கியது தெரிந்துவிடும். வலை இழுத்துப் பழகிய அவருடைய தோள்களைப் பார்த்தேன். நோய் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

பஸ்ஸில் ஏறவில்லை, சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம். நடந்தே போனேன். வாசலில் நின்ற லதா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"எத்தறைக்கு?"

தொகையைச் சொன்னேன். கட்டணத்துக்கு முப்பதாயிரம் குறைந்தது. அவள் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்கு அடகு வச்சிட்டு வாருங்க. அங்கயாவது தலைய உபயோகிக்காம இருங்க."

மறுநாளிலிருந்து ஆட்கள் ஆரஞ்சுப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார்கள். அடுத்த மாதம் போட்டிக்கு ஆளில்லாமல், ஏறக்குறைய முழுத்தொகைக்குச் சீட்டெடுத்து எஞ்சின் வாங்கினார் சேவியர்.

மகள் இப்போது நர்ஸ். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, "அப்பாக்க தீனத்துக்கு இன்னும் மருந்து வரேல," என்று அம்மாவிடம் அறிவிப்பாள். சேவியரோ வழியில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி, தீனக்காரனுக்கு நல்லதென்று ஒரு பொதி நெத்திலி தருகிறார். உண்மையைச் சொல்ல இன்னும் துணிச்சல் வரவில்லை. இரண்டு முறை இருமிவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.